புண்ணாக்கும் முந்திரி ஓடும் பிளைவுட்டை ஒட்டுமா? கழிவிலிருந்து வரும் மரப் பசை பற்றி ஓர் எளிய அறிமுகம்

புதிதாகச் செய்து வந்த அலமாரியின் கதவைத் திறந்தால் மூக்கில் ஏறி கண்ணைக் கரிக்கிற ஒரு நெடி வரும். புது மரத்தின் வாசனை என்று பலர் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். தேக்குக்கும் வேங்கைக்கும் அப்படி ஒரு நெடி கிடையாது. அது பசையின் நெடி. அந்தப் பசையிலிருந்து கசியும் வாயுவின் பெயர் ஃபார்மால்டிஹைட்.

இன்று வீட்டில் இருக்கும் மரச்சாமான்களில் பெரும்பகுதி மரமும் பசையும் சேர்ந்து ஆனவை. சுழலும் மரத்தடியில் நீளமான கத்தியை வைத்து மெல்லிய தாளாக உரிக்கிறார்கள். ஒரு தாளின் ரேகை நெடுக்கிலும் அடுத்ததன் ரேகை குறுக்கிலும் வரும்படி அடுக்கி, இடையே பசை தடவி, சூடான பிரஸ்ஸில் வைத்து அமுக்கினால் பிளைவுட். மரத்தூளையும் சிறு சில்லுகளையும் பசையில் பிசறி அமுக்கினால் பார்ட்டிகிள் போர்டு. மரத்தை நாராக அரைத்துச் செய்தால் எம்.டி.எஃப். பார்ட்டிகிள் போர்டிலும் எம்.டி.எஃப்.பிலும் எடையில் பத்தில் ஒரு பங்கு வரைகூட பசையே இருக்கும். ஆக, பலகை எவ்வளவு நல்லது என்று கேட்பதும் அதில் உள்ள பசை எவ்வளவு நல்லது என்று கேட்பதும் பெரும்பாலும் ஒன்றுதான்.

தொழிற்சாலைகளில் இரண்டு பசைகள்தான் அதிகம் புழங்குகின்றன. ஒன்று யூரியா ஃபார்மால்டிஹைட். வயலுக்குப் போடுகிற அதே யூரியாவையும் ஃபார்மால்டிஹைடையும் வினைபுரியவைத்துச் செய்வது. விலை குறைவு, சூட்டில் சட்டென்று இறுகும், நிறமும் இல்லை. கடையில் 'எம்.ஆர். கிரேடு', 'கமர்ஷியல் பிளை' என்று விற்பது பொதுவாக இதனால் ஒட்டியது. இன்னொன்று பீனால் ஃபார்மால்டிஹைட். 'மரைன் பிளை' என்று ஆசாரிகள் சொல்லும் பலகைக்கு இதுதான் பசை. ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரத்துக்கான சோதனையில் பலகைத் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டு எடுப்பார்கள். அப்போதும் தாள் பிரியக் கூடாது. கடையில் பலகையின் ஓரத்தைப் பாருங்கள். தாள்களுக்கு நடுவே கருஞ்சிவப்பாகக் கோடுகள் தெரிந்தால் பெரும்பாலும் அது பீனால் பசை.

ஒரே பெயரில் இரண்டு சிக்கல்கள்

யூரியா பசையின் சிக்கல் அது முழுதாக அடங்கிவிடாது என்பதுதான். வினையில் சேராமல் மிஞ்சிய ஃபார்மால்டிஹைட் முதல் சில மாதங்கள் வெளியேறும். அதோடு முடிவதில்லை. ஈரமும் சூடும் பட்டால் யூரியாவுக்கும் ஃபார்மால்டிஹைடுக்கும் இடையிலான பிணைப்பே மெல்ல அறுந்து, அந்த வாயு மறுபடி வெளியே வரும். சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் மூடிய அலமாரிக்குள் நெடி தங்குவதற்கு இதுதான் காரணம். 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் வைத்தது. வீட்டுக்குள் காற்றில் அது ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அதே நிறுவனத்தின் வழிகாட்டல்.

இதன் விலையை ஊரறிய உணர்ந்தது அமெரிக்கா. 2005-இல் கேட்ரினா புயல் வீடுகளை அடித்துக்கொண்டு போனபின், குடும்பங்களை அரசு டிரெய்லர் வீடுகளில் குடியமர்த்தியது. உள்ளே சுவர், அலமாரி, தரை எல்லாம் பசைப் பலகை. சின்ன இடம், காற்றோட்டம் குறைவு, அமெரிக்கத் தென் மாநிலங்களின் புழுக்கம். மூக்கில் ரத்தம், தலைவலி, மூச்சுத் திணறல் என்று மக்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 519 டிரெய்லர்களில் காற்றை அளந்தது. சராசரி, நூறு கோடியில் 77 பங்கு. மிக மோசமான ஒன்றில் 590 பங்கு. அளந்ததோ 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும், குளிர்காலத்தில். கோடையில் அந்தக் குடும்பங்கள் எதைச் சுவாசித்திருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதிப்படி, 2026 ஆகஸ்டிலிருந்து அங்கே விற்கும் மரப்பலகை, மேசை நாற்காலிகளால் காற்றில் சேரும் ஃபார்மால்டிஹைட் கன மீட்டருக்கு 0.062 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

பீனால் பசை இப்படிக் கசிவது மிகக் குறைவு. அதன் பிணைப்பு உறுதியானது, தண்ணீருக்கு அசையாது. ஆனால் பீனால் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. எண்ணெய் விலை ஏறினால் பசை விலை ஏறும்; பூமிக்கடியில் இருந்த கார்பனும் வெளியே வரும்.

இந்த இரண்டையும் தனித்தனியாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. ஒரு சிக்கல் நாம் சுவாசிக்கும் காற்றில், இன்னொன்று மூலப்பொருளில். 'இயற்கைப் பசை' என்று விளம்பரம் செய்யப்படும் பலவும் இவற்றில் ஒன்றைத்தான் தீர்க்கின்றன. எதைத் தீர்க்கிறது என்று கேட்காமல் வாங்கினால், ஒன்றுக்கு ஆசைப்பட்டு வேறொன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவோம்.

தண்ணீர்தான் எதிரி

கழிவிலிருந்து பசை செய்வது புதிய யோசனை அல்ல. பழைய ஆசாரிகள் அடுப்பில் உருக்கித் தடவிய வஜ்ரம், தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சி எடுத்தது. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகைமேல் துணியை ஒட்டப் புளியங்கொட்டைப் பசை உண்டு. அமெரிக்காவில் 1920-களிலேயே சியாட்டிலைச் சேர்ந்த லாக்ஸ் என்பவர் சோயா மாவிலிருந்து பிளைவுட் பசை செய்து விற்றார். இறைச்சிக் கூடத்து ரத்தமும் பால் புரதமான கேசினும் அன்றைய பிளைவுட் ஆலைகளில் சர்வ சாதாரணம். பிறகு 1930-களில் செயற்கைப் பசைகள் வந்தன. நம் நாட்டில் 1959-இல் ஃபெவிகால் வந்தபின் ஆசாரியின் வஜ்ரச் சட்டியும் மெல்ல மறைந்தது.

ஏன் தோற்றன அந்தப் பழைய பசைகள்? மைதா பசையால் ஒட்டிய சினிமா போஸ்டரை மழைக்குப் பிறகு பாருங்கள். மாவுச்சத்தும் சரி, புரதமும் சரி, மரத்தின் செல்லுலோஸோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு பிணைப்பும் பலவீனமானது. கோடிக்கணக்கில் சேரும்போது பலகையைத் தூக்கி நிறுத்தும் அளவு பலம் வரும். ஆனால் தண்ணீரும் ஹைட்ரஜன் பிணைப்பில் கெட்டிக்காரன். ஈரம் உள்ளே நுழைந்ததும் ஒவ்வோர் இடத்திலும் பசையை விலக்கிவிட்டு மரத்தின் கையைத் தான் பிடித்துக்கொள்ளும். அப்புறம் பசை ஊறி, பூஞ்சை பிடித்து, தாள் பிரிந்துவிடும்.

இதற்கு ஒரே வழி, பசையின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று வலுவான வேதிப்பிணைப்பால் குறுக்கே கட்டிவிடுவது. குறுக்குப் பிணைப்பு என்பார்கள். ஃபார்மால்டிஹைட் இத்தனை காலம் அசைக்க முடியாமல் இருந்ததே இந்த வேலையை மலிவாகவும் வேகமாகவும் செய்ததால்தான். அதன் இடத்துக்கு வரும் எதுவும் இதே வேலையைச் செய்தாக வேண்டும்.

சோயாவுக்கு மட்டி கற்றுக்கொடுத்த பாடம்

சோயா எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்கு மாவில் ஏறத்தாழ பாதி புரதம். அந்தப் புரதத்தைத் தண்ணீர் தாங்கும் பசையாக்கிய கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மர வேதியியல் பேராசிரியராக இருந்த காய்சாங் லீ, கடலோரப் பாறையில் ஒட்டி வாழும் மட்டிகளைக் கவனித்தார். அலை மோதிக்கொண்டே இருக்கிறது, மட்டி அசைவதில்லை. தண்ணீருக்குள்ளேயே இறுகும் பசையை அது தானே சுரக்கிறது. அதுவும் ஒரு புரதம்தான். சாதாரணப் புரதத்தில் அவ்வளவாகக் காணாத சில வேதிக் கூறுகள் அதில் நிறைய. அந்தக் கூறுகளைப் போன்றவற்றைச் சோயா புரதத்தில் உண்டாக்கினால் என்ன என்று லீ யோசித்தார்.

கூடவே இன்னொரு பொருளும் அவருக்குக் கைகொடுத்தது. தேநீர்ப் பை, சமையலறைக் காகிதத் துண்டு போன்றவை நனைந்தாலும் கிழியாமல் இருக்க, காகித ஆலைகளில் பி.ஏ.இ. என்று ஒரு ரெசின் சேர்ப்பார்கள். சோயா மாவோடு இதைக் கலந்து சூடாக அமுக்கினால், ரெசினின் வினைத்திறன் மிக்க முனைகள் புரதத்தின் அமீன், அமில முனைகளைப் பிடித்துக் குறுக்கே கட்டிவிடுகின்றன. ஃபார்மால்டிஹைட் ஒரு துளிகூடச் சேர்க்கவில்லை. கொலம்பியா ஃபாரஸ்ட் புராடக்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2005-இல் இதைத் தன் பிளைவுட் ஆலைகளுக்குக் கொண்டுவந்தது. 2006-இல் மட்டும் சுமார் 21,000 டன் பழைய வகைப் பசையை அது மாற்றியது. ஒவ்வோர் ஆலையிலும் தீங்கான வாயு வெளியேற்றம் 50 முதல் 90 சதவீதம் வரை குறைந்தது. 2007-இல் லீ, கொலம்பியா, ரெசின் தந்த ஹெர்குலிஸ் நிறுவனம் மூவருக்கும் சேர்த்து அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது.

சரி, அப்படியென்றால் ஏன் எல்லோரும் இதற்கு மாறவில்லை? சோயா பசை கெட்டியானது. பிளைவுட் தாளில் உருளையால் தடவலாம். பார்ட்டிகிள் போர்டுக்கான மரச்சில்லுகள்மேல் தூவாணமாகத் தெளிப்பது கடினம். தெளிக்க வசதியாக நீர்க்கவைத்தால் தண்ணீர் அதிகமாகும். சூடான பிரஸ்ஸில் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் பலகைக்குள் கொப்புளமாக வெடிக்கும். அதைத் தவிர்க்க பிரஸ்ஸில் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். பலகை ஆலையில் பிரஸ் நேரம் என்பதே பணம். தவிர, அந்தக் குறுக்குப் பிணைப்பு ரெசின் எபிகுளோரோஹைட்ரின் என்ற ரசாயனத்திலிருந்து வருகிறது. அது பெரும்பாலும் பெட்ரோலிய வழி வந்தது, கையாளும் தொழிலாளருக்கு நச்சும்கூட. பயோடீசல் செய்யும்போது மிஞ்சும் கிளிசரினிலிருந்து அதைத் தயாரிக்கும் ஆலை தாய்லாந்தில் 2012-இல் தொடங்கியது. அந்த வழி பரவினால் இந்தக் குறையும் பெருமளவு தீரும்.

எனக்கு உறுத்தும் விஷயம் வேறு. சோயா புண்ணாக்கு உண்மையில் கழிவே அல்ல. கோழிக்கும் மாட்டுக்கும் அதுதான் தீவனம். பசை ஆலை வாங்கத் தொடங்கினால் தீவன விலை ஏறும். பருத்திக்கொட்டைப் புரதத்தை வைத்து அமெரிக்க வேளாண் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வகம் மரப் பசை செய்து பார்த்திருக்கிறது. ஆனால் பருத்திக்கொட்டையும் நம் ஊர்களில் கறவை மாட்டுக்குப் போகிறதே! ஆமணக்கு, காட்டாமணக்குப் புண்ணாக்கு வேறு ரகம். ஆமணக்கில் ரிசின் என்ற நஞ்சு இருப்பதால் மாட்டுக்கு வைக்க மாட்டோம், உரமாகப் போடுவோம். பசைக்குப் புரதம் தேட வேண்டிய இடம் அதுதான் என்பது என் கருத்து.

மரமே தனக்குச் செய்துகொண்ட பசை

மரத்தின் எடையில் சுமார் கால் பங்கு லிக்னின். நார்களை ஒன்றோடொன்று ஒட்டி மரத்தை நிமிர்ந்து நிற்கவைப்பது அதுதான். காகிதம் செய்ய நார் மட்டும் போதும். அதனால் மரச்சில்லுகளைக் காரத்தில் வேகவைத்து லிக்னினைக் கரைத்து வெளியேற்றுவார்கள். மிஞ்சும் கருப்புத் திரவத்தைச் சுண்டவைத்து ஆலையின் கொதிகலனிலேயே எரித்துவிடுவார்கள். ஆலைக்கு நீராவி கிடைக்கும், ரசாயனமும் திரும்பக் கிடைக்கும். பயன் இல்லாமல் இல்லை. ஆனாலும் பீனால் போன்ற வளையங்களால் ஆன இவ்வளவு அருமையான பொருளை விறகாக்குகிறோம்.

ஸ்வீடனில் உருவான லிக்னோபூஸ்ட் என்ற முறையில், அந்தக் கருப்புத் திரவத்துக்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்திக் காரத்தைக் குறைத்தால் லிக்னின் திரிந்து கீழே படியும். வடிகட்டிக் கழுவினால் பழுப்பு நிறப் பொடி. முதல் வணிக ஆலை 2013-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் தொடங்கியது. இந்தப் பொடியைப் பீனால் பசையில் பீனாலுக்குப் பதில் சேர்க்கலாம். பின்லாந்தின் யு.பி.எம். நிறுவனம் தன் பிளைவுட் பசையில் பீனாலில் பாதியை லிக்னினால் மாற்றிவிட்டது.

ஏன் பாதி மட்டும்? ஃபார்மால்டிஹைட் வந்து பிடித்துக்கொள்ள பீனால் வளையத்தில் மூன்று காலி இடங்கள் உண்டு. லிக்னினின் வளையங்களில் ஓர் இடத்தை மீதி மூலக்கூறும், இன்னொன்றையோ இரண்டையுமோ மெத்தாக்சி என்ற சிறு தொங்கலும் ஏற்கெனவே பிடித்திருக்கும். போதாக்குறைக்கு மூலக்கூறும் பருமனானது, மெதுவாகத்தான் வினைபுரியும். மறுபடி பிரஸ் நேரம்தான் பிரச்சினை. இதில் கரும்புக்கு ஒரு சிறப்பு உண்டு. புல் வகைத் தாவரங்களின் லிக்னினில் தொங்கல் இல்லாத வளையங்களும் கொஞ்சம் கலந்திருக்கும். அதனால் கெட்டி மர லிக்னினைவிட அது பசைக்குச் சுறுசுறுப்பானது. கரூர் அருகே புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் ஆலை ஓடும் மாநிலத்தில் இது நமக்குச் சும்மா கிடைத்த அனுகூலம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். லிக்னின் கலந்த பீனால் பசையில் ஃபார்மால்டிஹைட் இன்னும் இருக்கிறது. சோயா பசை காற்றுச் சிக்கலைத் தீர்த்தது. லிக்னின் தீர்ப்பது பெட்ரோலியச் சிக்கலை.

முந்திரி ஓடும் அதே கட்சி. முந்திரிக்கொட்டையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஓடு. ஓட்டின் வெளித்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவே சிறு அறைகள், அவற்றில் கருஞ்சிவப்பு எண்ணெய். சேராங்கொட்டையின் பாலும் இதுவும் வேதியியலில் நெருங்கிய உறவு. பட்ட இடத்தில் தோல் வெந்துபோகும். பண்ருட்டியிலும் கொல்லத்திலும் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருப்பது இதனால்தான். கையில் சாம்பலையோ எண்ணெயையோ பூசிக்கொண்டு உடைப்பார்கள்.

அந்த எண்ணெயைச் சூடாக்கினால் அதில் உள்ள அமிலம் கார்பன் டை ஆக்சைடை இழந்து கார்டனால் ஆகிவிடும். கார்டனால் ஒரு பீனால், பக்கத்தில் 15 கார்பன் நீளமுள்ள ஒரு வாலோடு. வால் எண்ணெய்த் தன்மை உடையதால் தண்ணீரை விரட்டும், பசைக்கு வளைந்துகொடுக்கும் குணத்தையும் தரும். அதே வால்தான் இடைஞ்சலும்: தண்ணீரில் கரையாது, வினையும் மெதுவாகும். அதனால் பீனாலில் ஒரு பகுதிக்கு மட்டும் பதிலாகச் சேர்ப்பார்கள். பெங்களூரின் பிளைவுட் தொழில் ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்த வேலை நெடுநாள் நடந்தது. பிரேக் லைனிங்குக்கும் பெயிண்ட்டுக்கும் இந்த எண்ணெய் ஏற்கெனவே நல்ல விலைக்குப் போகிறது என்பதால், பசைக்கு வந்து சேர்வது அந்தப் போட்டியைத் தாண்டித்தான்.

தோல் பதனிட உதவும் துவர்ப்புப் பொருளான டானின் பற்றி ஒரு வார்த்தை. தோல் பதனிடுவதற்கென்று நீலகிரியிலும் பழனி மலையிலும் நட்ட சீகை மரத்தின் (வாட்டில் மரம்; சீயக்காய் அல்ல) பட்டையில் அது நிறைய உண்டு. தென்னாப்பிரிக்காவில் அதே மரத்தின் பட்டையிலிருந்து 1970-களிலிருந்தே பலகைப் பசை செய்கிறார்கள். ஃபார்மால்டிஹைடோடு பீனாலைவிட வேகமாக வினைபுரிவதால் மிகக் கொஞ்சம் சேர்த்தாலே போதும்.

கடையில் கேட்க வேண்டியது

'பயோ', 'கிரீன்' என்று எழுதிய பலகையைக் காட்டினால், பசையில் எந்தப் பொருளுக்குப் பதிலாக எதைச் சேர்த்திருக்கிறார்கள், எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். அப்புறம் வாயு வெளியேற்ற வகையைக் கேளுங்கள்: ஈ1, ஈ0 என்று பலகையிலோ சான்றிதழிலோ இருக்கும். ஈ1-ஐவிட ஈ0-வில் கசிவு குறைவு. படுக்கையறை அலமாரி, குழந்தை தூங்கும் கட்டில், பள்ளி மேசை இவற்றுக்கு முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்தான்; ஃபார்மால்டிஹைட் சேர்க்காத சோயா வகைப் பலகை கிடைத்தால் இங்கே அதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். சமையலறைத் தொட்டிக்குக் கீழும் குளியலறைக் கதவிலும் கொதிநீர்ச் சோதனை தாண்டிய பீனால் பசைதான் இன்றைக்குப் பாதுகாப்பு. அதில் லிக்னினோ கார்டனாலோ கலந்திருந்தால் இன்னும் நல்லது. ஏற்கெனவே வாங்கிய எம்.ஆர். பலகை வீட்டில் இருந்தால், அறுத்த ஓரங்களையும் உள்பக்கத்தையும் மைக்காவோ வார்னிஷோ கொண்டு மூடச் சொல்லுங்கள். வாயு அதிகம் கசிவது திறந்த ஓரங்களில்தான். முதல் சில மாதங்கள் துணிமணி அடுக்குவதற்கு முன் கதவுகளைத் திறந்து, ஜன்னலையும் திறந்து வைத்தால் மிஞ்சிய வாயுவில் பெரும்பகுதி போய்விடும்.